கத்திரிக்காய் நிறக் கரடி

தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடியும் மூடாமலும் வைத்துக்கொண்டு ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அரைக்கண்ணர். ஒட்டகமும் அசை போட்டபடி அவரைப் பார்க்கிறது. இருவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த குடும்பம் ஒன்று, பாவம் யாரோ களைத்துப்போய்த் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் அவரைத் தாண்டிப் போகிறது. அவர் தூங்கவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறார்.

மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குக் கூண்டு வேலியில் தகரப் பலகை ஒன்று மாட்டியிருக்கும். அதில் உள்ளே இருக்கும் மிருகத்தின் படத்தை எழுதுவதுதான் அவருக்கு உத்தியோகம். பெயர், தின்னும் தீனி, வாழும் இடம் எல்லாம் கீழே கல்லில் வெட்டியிருக்கிறது. தகரத்தில் வெறும் படம்தான். வெயிலும் மழையும் பெயிண்டைத் தின்றுவிடுவதால், ஒரு சுற்று எழுதி முடிப்பதற்குள் முதலில் எழுதியது வெளுத்துவிடும். எனவே அவருக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

அரைக்கண்ணர் என்று பெயர் வைத்தது அங்கே மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் கிடையாது. "கண்ணை முழுசாத் தொறந்தா முடிதான் தெரியும். பாதி மூடினாத்தான் மிருகம் தெரியும்" என்பார். கேட்பவர்கள் சிரித்தால் அவரும் கூடவே சிரித்துவிடுவார். அதற்கு மேல் விளக்கம் சொல்லி யாரையும் அறுக்கமாட்டார்.

பலகையில் அவர் எழுதும் படங்களில் ஒரு குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் ஒரு தடித்த புகைப்படப் புத்தகம் இருக்கிறது. அதில் உள்ளபடி கட்டம் போட்டு, முடிக்கு முடி, நகத்துக்கு நகம் இறக்கிவிடுவார். கடைசியில் மெல்லிய பிரஷ்ஷை வெள்ளையில் தொட்டுக் கண்ணுக்குள் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி விழுந்ததும் படத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். "அட, உண்மையானதை விட இது நல்லா இருக்கே!" என்று வருகிறவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போவதும் உண்டு. உண்மையானது பெரும்பாலும் பாறைக்குப் பின்னால் படுத்திருக்கும்.

அவருக்கு மட்டும் அந்தப் பாராட்டு தொண்டையில் இறங்காது. "அது புத்தகத்துல இருக்கிற கழுதை. இங்க நிக்கிறது வேற ஆளு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். ஆனால் சொன்னது கழுதையிடம்.

எல்லாம் அந்தக் கழுதையிடம்தான் ஆரம்பித்தது. அதன் பலகையை எழுத உட்கார்ந்தவருக்கு என்ன செய்தும் படம் பிடிபடவில்லை. எழுதியது அடையாள அட்டையில் ஒட்டுகிற புகைப்படம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எரிச்சலில் புதுத் தகரம் ஒன்றை எடுத்து, முதலில் கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று அதன் பின்பக்கத்தைத் திருப்பினார். அலுவலகத்துப் பழுப்பையும் சாம்பலையும் பழகிப் பார்ப்பதற்கெல்லாம் வீணாக்க முடியாது; மிருகங்கள் பாதி அந்த நிறத்தில்தானே இருக்கின்றன! மிஞ்சிக் கிடந்தவை, 'கை நீட்டாதீர்கள்' என்று எழுதிய சிவப்பும், கைப்பிடிக் கம்பிக்கு அடித்த மஞ்சளும், தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த நீலமும், பெஞ்சுக்கு அடித்த பச்சையும்தான். எந்த மிருகத்துக்கும் இல்லாத நிறங்கள்.

வேறு வழியில்லாமல் அவற்றையே தொட்டார். உச்சி வெயிலில் கழுதை நிற்கிறது, முதுகு கொதிக்கிறது. முதுகை ஆரஞ்சாகப் போட்டார். வயிற்றுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி, அங்கே நீலம். காது எங்கே முடிகிறது, பின்னால் உள்ள சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நிற்கிற கழுதைக்கும் அது தெரிந்திருக்காது என்று விட்டுவிட்டார். எழுந்து நான்கு எட்டு பின்னால் போய்ப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. தகரத்தில் கழுதை நின்றது. ஒரு முடி கூட இல்லாமல் நின்றது.

அன்றிலிருந்து அதுவே அவர் வழக்கம். முதலில் பின்பக்கம், தனக்கு. அப்புறம் முன்பக்கம், ஊருக்கு. பின்பக்கம் சரியாக அமைந்துவிட்டால் முன்பக்கம் கையை மீறாமல் வந்து உட்கார்ந்துவிடும். முன்பக்கம் காய்ந்ததும் பலகையை வேலியில் மாட்டிவிடுவார். ஊருக்கான படம் பாதையைப் பார்த்திருக்கும். அவருடைய படம் கூண்டைப் பார்த்திருக்கும். இப்படியாக அங்குள்ள ஒவ்வொரு மிருகத்துக்கும் எதிரில் அதனதன் படம் ஒன்று ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது, மிருகத்தைத் தவிர வேறு யாரும் பார்க்காதபடி. "யாரைப் போட்டோமோ அவங்க பாத்தா போதாதா?" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மனைவிக்குக் காய்கறிக் கடை. கடைக்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். காலியாகும் அட்டைப் பெட்டிகளின் மூடியெல்லாம் அரைக்கண்ணருக்குத்தான். ஒரு மிருகத்தைத் தகரத்தில் தொடுவதற்கு முன்னால் அட்டையில் பத்துத் தரம் போட்டுப் பார்ப்பார். வீட்டில் கட்டிலுக்கடியில், அலமாரிக்கு மேல், கதவுக்குப் பின்னால் எங்கு பார்த்தாலும் அட்டை. அவற்றுக்கெல்லாம் ஒரே விமர்சகர் கடைக்காரம்மாதான். அவருடைய நாக்குக்கு வஞ்சகம் தெரியாது.

மானைப் போட்டபோது, மஞ்சளில் மூன்று பச்சைக் கோடுகள் சாய்ந்து கிடந்தன.

"கால் எங்கங்க?"

"ஓடப்போற மானுக்குக் கால் இருக்காது. ஓட்டம்தான் இருக்கும்."

"அப்ப நொண்டி மான்னு சொல்லுங்க."

ஓநாயைப் போட்டபோது நிலைமை இன்னும் மோசம். அந்த ஓநாய் நாள் முழுக்கக் கூண்டுக்குள் வட்டம் போட்டு நடக்கும். நடந்து நடந்து தரையில் ஒரு தடமே விழுந்துவிட்டது. அவர் அட்டையில் நீலமாக ஒரு வட்டம் மட்டும் போட்டார். ஓர் இடத்தில் மட்டும் நீலம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

"என்னங்க, ஓநாயைக் காணோம்?"

"அந்த நடைக்குள்ளதான் இருக்கு. பாரு."

கடைக்காரம்மா நெடுநேரம் பார்த்தார். "பாவமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அரைக்கண்ணர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

கண் மட்டும் அவருடைய பின்பக்கப் படங்கள் எதிலும் இருக்காது. முன்பக்கத்தில் கண்ணுக்குப் பேர் போனவர், பின்பக்கம் வந்தால் கண்ணைத் தொடவே மாட்டார். "கண்ணை வெச்சுட்டா ஆளுங்க அதுகூடப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் உடம்பை யாரு பாக்கிறது?" என்பது அவர் வாதம். மிருகம் சொல்லவேண்டியதை உடம்பால்தான் சொல்கிறது, அந்த உடம்பின் சொல்லுக்குத்தான் நிறம் என்று அவர் கட்சி கட்டுவார். கோபம் என்றால் சிவப்பு, சோகம் என்றால் நீலம் என்று அவரிடம் வாய்ப்பாடு எதுவும் இல்லை. நரிக்குச் சிவப்பு போட்டது அது கோபக்காரன் என்பதற்காக இல்லை; அது எங்கே வந்து நின்றாலும் அந்த இடத்தின் அமைதி கெட்டுவிடுகிறது என்பதற்காக.

கரடிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வயதான கரடி. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு தோளைப் பாறையில் சாய்த்து உட்கார்ந்துவிட்டால் அசையாது. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "சாப்பாட்டைக் கொண்டுபோய் முன்னால வெச்சுட்டுக் கெஞ்சணும். மாப்பிள்ளை முறுக்குக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அந்த அம்மாளைக் கரடியம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். கரடியம்மாவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

கறுப்பில் போட்டுப் பார்த்தார்; கரிமூட்டை உட்கார்ந்தது. பச்சையில் போட்டால் புதர் ஆகிவிட்டது. அட்டை மேல் அட்டையாக ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் வாளி மேல் உட்கார்ந்து அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கூட்டிக்கொண்டிருந்த கரடியம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "அதுக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. உடம்பு அதுக்குப் பெருசாயிடுச்சு. அதைத் தூக்கிட்டு நடக்க அலுப்பு, அவ்வளவுதான்."

அவர் வாளியை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். சிவப்பையும் நீலத்தையும் கலந்து, கெட்டியான ஊதாவாக்கி, தகரத்தின் அடியிலிருந்து மேல்வரை ஒரே திரட்சியாக ஏற்றினார். தலையும் தோளும் தனித்தனியாக இல்லை. பாறையின் வளைவும் முதுகின் வளைவும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. கீழே மட்டும் பச்சை, அந்தக் கனத்தில் நசுங்கியது போல. முதுகின் மேல் விளிம்பில் மஞ்சளாக மெல்லிய கோடு ஒன்று. அவ்வளவுதான். அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி என்று அவருக்குத் தெரியும். அதற்கு முன் எந்தப் படத்தைப் பற்றியும் அவர் அவ்வளவு தீர்மானமாக நினைத்ததில்லை.

அதன் அட்டைப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரம்மா சொன்னது ஒரே வார்த்தை. "கத்திரிக்காய்."

"கரடி."

"நான் தினமும் கூடை கூடையா அள்ளிப் போடுறேன். கத்திரிக்காய் எனக்குத் தெரியாதா?"

அவர் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை மனதுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஒருவேளை கத்திரிக்காய்தானோ? தன் அரைக்கண்ணுக்கு மட்டும் தெரிகிறதோ? யாராவது ஒருவர், சொல்லிக்கொடுக்காமல், பெயர் படிக்காமல், தானாகப் பார்த்து 'அட, இது அதுதானே' என்று சொல்லிவிட்டால் போதும் என்று அவருக்கு ஆசை. யாரிடம் கேட்பது? கேட்டுவிட்டால் அப்புறம் அது தானாகச் சொன்னது ஆகாதே. அப்படியே ஆசையை மென்று விழுங்கிக்கொண்டு, மறுபக்கத்தில் புத்தகத்துக் கரடியை எழுதினார். இரண்டு காலில் நிமிர்ந்து, வாயைத் திறந்து, பல்லைக் காட்டி நின்றது அது. கண்ணில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

குட்டு உடைந்தது சென்ற வாரம். மழை விட்டதும் பலகைகளை இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவி, அவரே திரும்ப மாட்டுவது வழக்கம். இந்தத் தடவை அந்த வேலையை அந்தந்தக் கூண்டு ஆட்களே செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கரடி வேலிக்கு முன்னால் மட்டும் ஒரே சிரிப்பு. ஊதாப் பக்கம் பாதையைப் பார்த்து நின்றது. ஒருவர் கல்லில் 'கரடி' என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து படித்தார். "இது காய்கறித் தோட்டத்துப் பலகைம்மா, மாத்தி வெச்சுட்டாங்க" என்று தன் மகளுக்கு விளக்கம் சொன்னார். அரைக்கண்ணர் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார். முகம் சிவந்து, காது சூடாகிவிட்டது. ஊர் நடுவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது அவருக்கு.

புதிதாக வந்திருக்கும் கண்காணிப்பாளர் தன்மையான மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையைச் சற்று நேரம் பார்த்தார்.

"இதுல தலை எந்தப் பக்கம்?"

"மேல, சார். வலது ஓரம்."

"எல்லாப் பலகைக்கும் பின்னாடி இப்படி ஒண்ணு இருக்கா?"

பொய் சொல்லத் தெரியாதவர் தலையை ஆட்டினார். கண்காணிப்பாளர் கோபப்படவில்லை. "எனக்கு இதெல்லாம் புரியாது. நல்லாவே இருக்கலாம், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா வர்றவங்க குழம்பக் கூடாது பாருங்க. ஒரு பக்கம் படம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் பூரா சாம்பல் அடிச்சுடுங்க. அப்புறம் யாரு மாட்டினாலும் தப்பாவே மாட்ட முடியாது. சரியா?" என்றார். சரியில்லை என்று சொல்வதற்கு அதில் இடமே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கடைக்காரம்மா வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்று வழக்கம்போல ஒன்றை எடுத்துவிட்டார். கணவர் சிரிக்காததைப் பார்த்ததும் கை நின்றது.

"அடிக்கப்போறீங்களா?"

"வேலைன்னா செய்யணும்ல."

"தோட்டத்துப் பலகைன்னு சொன்னானே, யாரு அவன்?" கடைக்காரம்மாவின் குரல் ஏறியது. "கத்திரிக்காய்னு நான் சொல்லலாம். நான் மட்டும்தான் சொல்லலாம். ஊரான் எவன் சொல்றதுக்கு?"

மறுநாள் ஒரு டின் சாம்பல் பெயிண்டும் பட்டைப் பிரஷ்ஷுமாகக் கிளம்பினார். முதலில் மான். மூன்று பச்சைக் கோடுகளும் நான்கே இழுப்பில் போய்விட்டன. அடுத்தது நரி. சிவப்பு ஒரே பூச்சில் அடங்காமல் சாம்பலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவது பூச்சு கொடுத்தார். ஓநாயின் வட்டத்தை மட்டும் வெளியிலிருந்து உள்ளாக, அது நடந்த வழியிலேயே பூசிக்கொண்டு போனார். கூண்டுக்குள் ஓநாய் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கெட்டி நீலத்தின் மேல் கடைசியாகத்தான் பிரஷ்ஷை வைத்தார். அங்கேயே பாதையோரம் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பலகைக்கு எழுந்தார்.

நேற்றுக் காலை கரடியின் முறை. பலகையைக் கழற்றி, ஊதாப் பக்கம் மேலே இருக்கும்படி பெஞ்சில் கிடத்தி, டின்னின் மூடியை நெம்பித் திறந்தார். குச்சியால் கலக்கினார். கலங்கிய பிறகும் கலக்கிக்கொண்டிருந்தார்.

பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு கரடியம்மா வந்தார். கையில் துடைப்பம், முகத்தில் கடுப்பு.

"என்னண்ணே, நான்தான் பலகையைத் தப்பா மாட்டிட்டேன்னு ஆபீஸ்ல சொல்றாங்களாமே?"

"நீயா மாட்டினே?"

"வேற யாரு? நாலு திருகாணியும் முடுக்கினது நான்தான். ஒழுங்காத்தானே மாட்டினேன்? இப்ப எதுக்குக் கழட்டியிருக்கீங்க?"

"இந்தப் பக்கம் பின்பக்கம்மா. படம் அந்தப் பக்கம்."

கரடியம்மா பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இதுவா பின்பக்கம்? வெளையாடாதீங்கண்ணே. எனக்குப் பாதைப் பக்கம் என்ன வேலை? பின்வாசல்ல வருவேன், பின்வாசல்ல போவேன். உள்ள கூட்டிட்டு நிமிர்ந்தா இதுதான் எதிர்ல நிக்கும். இத்தனை வருசமா பாக்கிறேன். இதுதான் படம்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் வெளிய திருப்பி மாட்டினேன். எவனோ உள்பக்கமாத் திருப்பி வெச்சிருக்கான் பாரு, ஜனங்களுக்குத் தெரியாமன்னு கூட நெனச்சேன்."

"அந்தப் பக்கம் கரடி இருந்துச்சே, பாக்கலையா?"

"கழுவுறப்ப பாத்தேன். பல்லை இளிச்சுக்கிட்டு நின்னுச்சு. அது ஏதோ ஒரு கரடி, யார் வீட்டுக் கரடியோ!" துடைப்பத்தின் அடிக்கட்டையால் பெஞ்சில் கிடந்த ஊதாவைச் சுட்டினார். "நம்ம மாப்பிள்ளை இதுதானே."

அரைக்கண்ணரின் இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்துகொண்டன.

"இது கரடின்னு உனக்கு யார் சொன்னா?"

"இதை ஒருத்தர் வந்து சொல்லணுமா?" கரடியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, எழுந்திருக்க அலுப்பா இருக்கு. காலைல வெயில் முதுகுல விழும்போது மட்டும் கொஞ்ச நேரம் நல்லபடியா இருக்கும். அதைத்தானே மேல மஞ்சளா இழுத்திருக்கீங்க? சரிண்ணே, தீனி வெக்கணும். ஒழுங்கா மாட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். உள்ளே மாப்பிள்ளை பாறையில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. கண் நிறைந்து, கரடியும் பாறையும் வெயிலும் தானாகவே ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. அரைக்கண்ணாக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பிறகு சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டி, மேலே பழைய துணி ஒன்றை விரித்தார். பலகையை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பி, ஊதாப் பக்கம் துணியில் படும்படி மெதுவாகக் கிடத்தினார். புத்தகத்துக் கரடி மேலே வந்து அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பட்டைப் பிரஷ்ஷைச் சாம்பலில் தோய்த்து, டின்னின் விளிம்பில் வழித்து, அதன் கண்ணில் இருந்த வெள்ளைப் புள்ளியின் மேல் முதலில் வைத்தார்.